வெயிலைக் கொடுத்தவர்கள்

அந்த லாண்டரிக் குடும்பத்தில் யாராவது "வெயிலுக்குப் போயிட்டு வரேன்" என்றால், குடை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லமாட்டார்கள். வெயில் என்பது அவர்களுக்கு ஓர் இடம். வீட்டின் பின்கதவைத் திறந்தால் பாய்லர் அறை, அதைத் தாண்டினால் மெஷின் அறை, அதையும் தாண்டினால் வெயில். நாலா பக்கமும் மாடிக் கட்டடங்கள் முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் வெட்டவெளியாகக் கிடந்த, துணி காயப்போடும் திடல். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஹோட்டல் மேசைத் துணி, தியேட்டர் திரைச்சீலை எல்லாம் அங்கேதான் காய்ந்தன. ஊரில் பாதிப் பேர் அவர்கள் துவைத்த துணியில்தான் பிறந்தார்கள், மீதிப் பேர் அவர்கள் துவைத்த துணியில்தான் கை துடைத்தார்கள் என்று அந்த வீட்டு மூத்த பிள்ளை பெருமை பேசுவார். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

அந்தத் திடலை ஆண்டவள் கொடியக்கா. அது தெரு வைத்த பெயர். துணிக் கொடிகள் எல்லாம் அவள் பொறுப்பு என்பதால் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது, அறுபதைத் தாண்டியும் உதிரவில்லை. அவளுடைய அண்ணன் பாய்லரையும் மெஷின்களையும் பார்த்துக்கொண்டார். அண்ணி கையில் இஸ்திரி. அப்பா கல்லாவில் உட்கார்ந்திருப்பார், அவருடைய கோபம் மட்டும் எல்லா அறைகளிலும் நடமாடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கோபத்தில் பெரும்பங்கு மரத்தின் மேல். மரத்தைக் கண்டு எரிச்சல்பட்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அவர் பக்கத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. நிழல் விழுந்த இடத்தில் விரிப்பு ஈரம் தங்கி நாறும். மரம் இருந்தால் பறவை வரும், வெள்ளைத் துணியைக் கண்டால் அதுகளுக்கு என்னதான் அவசரம் வருமோ தெரியாது. ஆகவே வெயிலில் ஒரு முளை தலைகாட்டக்கூடாது. "இன்னைக்கு ரெண்டு இலைதான். அசந்தா நாளைக்கு நம்ம தலைக்கு மேல நிக்கும்" என்பார்.

அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியது கொடியக்காவின் கால். தவறாகப் படிக்கவில்லை, கால்தான். கொடி போடுகிறவளுடைய கண் வானத்தை விட்டு இறங்கக்கூடாது. எந்த மூலையிலிருந்து மேகம் கிளம்புகிறது, எந்தத் துணியை முதலில் எடுக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எனவே தரையைப் பார்க்கிற வேலையைக் காலிடம் விட்டுவிட்டாள். வெறுங்காலோடுதான் நடப்பாள். கட்டைவிரலில் ஒரு முளை தட்டுப்பட்டால் போதும், இடுப்பு வளையும், கை இறங்கும், முளை வேரோடு வரும். கீழே போட்டால் ஈரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று, இடுப்பில் கட்டியிருக்கும் ஏப்ரனில், கிளிப்புகள் கிடக்கும் பையில் போட்டுக்கொள்வாள். இவ்வளவுக்கும் கண் வானத்திலேயே இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். அது என்ன செடி, என்ன மரத்துக் கன்று என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே சாமான்தான். ஒன்று துணி, மற்றது களை.

துணி மூட்டை ஏற்ற வண்டியோடு வந்த ஒருவர், வந்த முதல் நாளே அந்த விரிப்புகளுக்கு நடுவில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைச் சுவர். காற்றடித்தால் சுவர் நகரும். பார்த்தால் கண் கூசும். "ஏங்க, வாசல் எந்தப் பக்கம்ங்க?" என்று ஒரு விரிப்புக்குப் பின்னாலிருந்து பரிதாபமாக ஒரு குரல் வந்தது. கொடியக்கா விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு, அசட்டுச் சிரிப்போடு நின்றார். வாசலைக் காட்டிவிட்டாள். மறுநாளும் தொலைந்து போனார். அதற்கு மறுநாளும். அப்பாவுக்கே விஷயம் புரிந்து, "அந்தப் பையனுக்கு வழி தெரியாம இல்ல, வெளிய போக மனசு இல்ல" என்று சொல்லிக் கல்யாணத்தைப் பேசி முடித்தார். அந்த மனுஷன் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. குழந்தை குட்டி இல்லை. கொடியக்காவுக்கு அவர் முகத்தை நினைக்கவேண்டுமென்றால் போட்டோ தேவைப்பட்டதில்லை. நடுப்பகலில் வெயிலில் போய் நின்று கண்ணை இடுக்கினால் போதும்.

காலம் சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரி சொந்த மெஷின் வாங்கியது. ஹோட்டல் காகிதத்துக்கு மாறியது. தியேட்டரை இழுத்து மூடினார்கள். அப்பா போனார், பாய்லரும் ஒரு நாள் பெருமூச்சு விட்டு நின்றது. அண்ணன் கடையைக் கட்டினார். திடலும் கொடிகளும் மட்டும் கிடந்தன, வீட்டுத் துணி நாலு மட்டும் ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருந்தது.

கட்டடம் கட்டுகிறவர்கள் மோப்பம் பிடித்து வந்தார்கள். இனிக்க இனிக்கப் பேசினார்கள். அண்ணனுடைய பிள்ளைகள் இருவரும் எங்கேயோ நன்றாக இருந்தார்கள், "உங்க இஷ்டம்ப்பா, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். கொடியக்காதான் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"வித்தா மாடி வரும் அண்ணே. மாடி வந்தா வெயில் போயிடும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? வெயிலை மடிச்சுப் பெட்டியில வைக்கவா?"

"ஊருக்குக் குடுத்துடலாம். பூங்கா மாதிரி வச்சுக்கட்டும். இந்தச் சுத்துவட்டாரத்துல குழந்தைங்க காலை வைக்க ஒரு இடம் இருக்கா சொல்லு."

அண்ணிக்கும் அது பிடித்திருந்தது. அண்ணன் ஒரு வாரம் மோவாயைத் தடவிக்கொண்டு திரிந்துவிட்டு, சரி என்றார். மூன்று பேரும் சேர்ந்து நகராட்சிக்குப் போய், பொதுமக்களுக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பெரிய மனசு என்று தெருவே பேசியது. பூங்கா என்றால் மரம் இருக்கும் என்பது மட்டும் இந்தக் குடும்பத்தில் ஒருத்தர் மண்டைக்கும் ஏறவில்லை. கொடியக்கா நினைத்த பூங்காவில் வானம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, நாலு பெஞ்சு இருந்தது, குழந்தைகள் இருந்தார்கள். வேறொன்றும் இல்லை.

கடைசிக் கொடியை அவளே அவிழ்த்துச் சுருட்டினாள். அன்றைக்கு நகராட்சித் தோட்டப் பிரிவிலிருந்து ஒரு சின்னப் பெண் அதிகாரி ஸ்கூட்டரில் வந்தாள். எல்லாரும் அவளைப் பூங்கா மேடம் என்றார்கள். சுறுசுறுப்பான பெண், குறை சொல்ல முடியாது. கொடியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்கம்மா, கொஞ்ச வருஷத்துல இந்த இடம் முழுக்க ஜில்லுனு நிழலாக்கிடுவோம்" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி நடுக்கூடத்தில் உட்கார்ந்து கெட்ட வார்த்தை பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது கொடியக்காவுக்கு. மரியாதைக்குச் சிரித்து வைத்தாள்.

கேட் போட்டார்கள். வாட்ச்மேன் வந்தார். நடைபாதைக்குக் கல் பதித்தார்கள், ஓரமாகப் பெஞ்சு போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து விதை ஊன்றினார்கள். காலையில் கேட் திறந்ததும் முதல் ஆளாகக் கொடியக்கா உள்ளே போவாள். ஏப்ரன் இல்லாமல் இடுப்பு வெறிச்சென்று இருந்ததால் அதையும் கட்டிக்கொண்டுதான் போவாள். செருப்பை கேட்டருகில் விட்டுவிட்டு ஒரு சுற்று. பழைய கொடிகள் இருந்த வரிசையிலேயே நடப்பாள். இங்கே ஆஸ்பத்திரி, இங்கே ஹோட்டல், இந்த மூலையில் அவர் தொலைந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் விரிப்புகள் படபடப்பது காதில் கேட்கும். போகிற போக்கில் களையும் எடுத்துப் போடுவாள். கொடுத்த இடம் சுத்தமாக இருக்கவேண்டாமா?

விதை முளைக்கவில்லை. ஒன்றிரண்டு முளைத்ததாக வாட்ச்மேன் சொன்னார், அப்புறம் அதையும் காணோம். பூங்கா மேடம் நாற்றங்காலிலிருந்து சாண் உயரக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டாள். கொஞ்ச நாளில் அதிலும் பாதி காணாமல் போயிற்று, அப்புறம் மீதியும் போயிற்று.

ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆடு என்றார்கள், அந்தத் தெருவில் ஆடே கிடையாது. எலி என்றார்கள். இத்தனை வருடமாகச் சோப்புத் தண்ணியும் ப்ளீச்சும் குடித்த மண் செத்துப்போய்விட்டது என்று ஒருவர் கிளப்பிவிட, அண்ணனுக்கு வந்ததே கோபம். "எங்க கழிவுத் தண்ணி பூரா சாக்கடைக்குப் போச்சு. ஒரு சொட்டு அந்தப் பக்கம் விட்டதில்ல. மண்ணை எடுத்துப் போய்ப் பாருங்க" என்று குதித்தார். எடுத்துப் போய்ப் பார்த்தார்கள். மண்ணில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் குற்றம் யாருடையது? வாட்ச்மேனுடையது. எல்லார் விரலும் அவர் பக்கம் திரும்பியது. தூங்குகிறார், ரவுடிப் பையன்களை உள்ளே விடுகிறார் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அதில் குரல் உயர்த்திப் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? கொடியக்காதான். "உன்னை நம்பி இந்த இடத்தை விட்டா, நீ என்ன கனவு கண்டுகிட்டு இருக்கியா?" என்று கேட் வாசலில் நாலு பேர் பார்க்கக் கேட்டுவிட்டாள். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் நகராட்சியில் ஒரு உறுப்பினர் வேறு பேச்சு ஆரம்பித்திருந்தார். செடியே பிடிக்காத இடத்தில் எதற்குப் பூங்கா, சிமென்ட் போட்டு வண்டி நிறுத்துகிற இடமாக்கினால் கடைத்தெருவுக்கு வசதி என்றார். கொடுத்தவர்கள் பொதுமக்களுக்கு என்றுதானே கொடுத்தார்கள், வண்டி வைத்திருப்பவன் பொதுமக்களில் சேர்த்தி இல்லையா என்று கேட்டார். பூங்கா மேடம் வீட்டுக்கே வந்து விஷயத்தைச் சொன்னாள். அவள் முகமே வாடிப்போயிருந்தது.

"இதுதான்ம்மா கடைசித் தடவை. மழை முடிஞ்சதும் எல்லாரும் வந்து பார்ப்பாங்க. அப்ப கன்னு நிக்கலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வாட்ச்மேனையும் எடுத்துடுவாங்க."

இந்த முறை ஒவ்வொரு கன்றின் தண்டிலும் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுற்றி நட்டாள். கொடியக்காவும் கூடவே நின்று தண்ணீர் ஊற்றினாள். வண்டிகளா? வெயிலில் எண்ணெய் ஒழுகிக்கொண்டு வண்டிகளா? இனி யார் கன்றைத் தொட்டாலும் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்து, விடிந்ததும் விடியாததுமாகப் போய்க் காவல் சுற்றினாள். கண் வழக்கம்போல வானத்தில் இருந்தது.

லாண்டரிக் குடும்பத்தில், பையைத் தடவிப் பார்க்காமல் எந்தத் துணியும் தண்ணீரில் இறங்காது. கடையை மூடினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அண்ணி, துவைக்க வேண்டிய துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கொடியக்காவின் ஏப்ரன் கைக்கு வந்தது. பையைத் தலைகீழாகப் பிடித்துச் சமையலறை மேசை மேல் உதறினாள். நாலு கிளிப் விழுந்தது. எப்போதும் களை என்று அள்ளிக் குப்பையில் போடுகிற மாதிரி கொஞ்சம் கோரைப் புல் விழுந்தது. அதோடு சேர்ந்து, வாடிச் சுருண்ட கன்றுகள் சில விழுந்தன. ஒவ்வொன்றின் தண்டிலும் சிவப்பு நூல்.

அண்ணி கத்தவில்லை. "இங்க கொஞ்சம் வாங்க" என்று மட்டும் கூப்பிட்டாள். அண்ணன் வந்தார், கொடியக்காவும் வந்தாள். மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

கொடியக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானா?" என்றாள்.

அண்ணனுக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் பயமாக இருந்தது. "அப்பா இருந்திருந்தா உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடியிருப்பாரு" என்றார்.

"விளையாடாத அண்ணே. எனக்குத் தெரியவே தெரியாது. கால்ல பட்டிருக்கும், கை அது பாட்டுக்குப் போயிருக்கும்."

"தெரியாமத்தான் நடந்திருக்கும், யாரு இல்லன்னா? உக்காரு."

உட்கார்ந்தாள். ஒரு கன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு காலத்தில் ஒரு செடியின் இலையை அவள் உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான். இலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"முழுசாத் தெரியாமன்னும் சொல்ல முடியல அண்ணே. கண்ணு பார்க்கல, அது நிஜம். ஆனா மனசுக்கு அதுங்க வேண்டாம். நிழல்னு அந்தப் பொண்ணு சொன்ன அன்னைக்கே எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. எனக்கு அவரு அந்த வெளிச்சத்துலதான் இருக்காரு. அது போயிட்டா நான் எங்க போய் அவரைப் பார்க்குறது?" சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அண்ணி அவள் முதுகைத் தடவினாள். அண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"திருப்பிக் கேட்கவா? நீ ஒரு வார்த்தை சொல்லு. நகராட்சிக்குப் போய் நானே கேக்குறேன். நாலு பேரு காறித் துப்புவாங்க, துடைச்சுக்கலாம். நாம துடைக்காத அழுக்கா?"

நிஜமாகத்தான் கேட்டார். அவள் தலையசைத்திருந்தால் மறுநாளே போய் நின்றிருப்பார், அப்படிப்பட்ட அண்ணன். கொடியக்கா ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாட்ச்மேன் தலையைக் குனிந்து நின்றது அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

"கேட்டா என் முகத்துல நானே முழிக்க முடியாது" என்றாள்.

காலையில் கேட் திறந்தபோது அவள் உள்ளே போகவில்லை. வாட்ச்மேன் எழுந்து நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, அன்னைக்கு உன்னைப் பேசினேன்ல, அது தப்பு. கன்னு பிடுங்கினது நான்தான்."

அவர் வேடிக்கை என்று நினைத்தார். அவள் பையிலிருந்து சிவப்பு நூல்களை எடுத்து அவர் கையில் வைத்தாள். கால் பழக்கத்தைச் சொன்னாள். அவர் நூலைப் பார்த்தார், அவள் காலைப் பார்த்தார், மறுபடி நூலைப் பார்த்தார்.

"இனிமே என்னை உள்ள விடாத."

"என்னக்கா நீங்க. உங்க இடம், உங்களைப் போய் நான் எப்படி..."

"என் இடம்னு நெனச்சுதான் கை போகுது. விடாத."

"எது வரைக்கும்க்கா?"

"அதுங்க என் கைக்கு அடங்காம வளர்ற வரைக்கும்."

பூங்கா மேடத்துக்கும் சொல்லி அனுப்பினாள். ஸ்கூட்டரில் பறந்து வந்த அந்தப் பெண், முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "ஏம்மா, இதுக்குப் போய் இவ்வளவா? செருப்பு போட்டுக்கிட்டு நடந்தா போதாதா?" என்றாள்.

"செருப்பைக் கழட்ட எவ்வளவு நேரம் ஆகும் கண்ணு?" என்றாள் கொடியக்கா.

அன்றிலிருந்து அண்ணன் உள்ளே நடந்தார், கொடியக்கா மதில் சுவருக்கு வெளியே தெருவில் நடந்தாள். மதில் அவள் கழுத்தளவு, அண்ணன் தலை தெரியும், தரையில் நிற்கிற கன்று தெரியாது. அண்ணன் ஒவ்வொரு கன்றாகப் பார்த்து அங்கிருந்தே செய்தி சொல்லுவார். பிடுங்கிய இடங்களில் மேடம் புதுக் கன்று வைத்தாள். மழை நன்றாகப் பெய்தது. நகராட்சியிலிருந்து ஒரு கூட்டமே வந்து பார்த்தது. கன்றுகள் வரிசையாக நின்றன, ஒரு மூலையில் குழந்தைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டார்கள். வண்டிப் பேச்சு அத்தோடு அடங்கியது.

வாட்ச்மேன் சொன்ன சொல் தவறாதவர், அதுதான் வினை. ஒரு நாள் காலை, புருஷனுடைய நினைவு நாள், கொடியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. கேட்டருகில் வந்து, "இன்னைக்கு மட்டும் தம்பி. அந்த மூலையில போய் நின்னுட்டு வந்துடுறேன்" என்றாள். வாட்ச்மேன் எழுந்து குறுக்கே நின்றார். "வேண்டாம்க்கா. நீங்களே சொன்னீங்க" என்றார். கொடியக்காவுக்கு ஆத்திரமான ஆத்திரம். நான் கொடுத்த இடத்தில் எனக்கே தடையா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போய், மத்தியானம் வரைக்கும் அண்ணியிடம் எரிந்து விழுந்தாள்.

"முழங்கால் உயரம் வந்துருச்சு" என்றார் அண்ணன் ஒரு நாள். இன்னொரு மழைக்காலம் வந்து போனது. "இடுப்பு" என்றார். அவர் சற்றுக் குள்ளம் என்பதால் கொடியக்கா அதை நம்பவில்லை. பிறகு ஒரு நாள் மதிலுக்கு மேலே அவளே பார்த்தாள். அண்ணன் நின்றுகொண்டிருந்தார், அவர் தலைக்கு மேலே இலை ஆடிக்கொண்டிருந்தது.

கேட்டருகில் வந்தாள். வாட்ச்மேன் இரண்டு கதவையும் அகலத் திறந்தார், ஒரு கதவு போதும் என்றாலும்.

உள்ளே போனதும் அவளுக்குத் திசை தெரியவில்லை. ஆஸ்பத்திரி வரிசை எங்கே, ஹோட்டல் வரிசை எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை. தரையெல்லாம் திட்டுத் திட்டாக இருட்டும் வெளிச்சமும். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கூசவில்லை. அந்த முகம் வரவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, "அண்ணே, வாசல் எந்தப் பக்கம்?" என்றாள். கேட்ட பிறகுதான் யாருடைய கேள்வியைக் கேட்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது.

பக்கத்திலிருந்த மரத்தின் அடியில் குனிந்தாள். இரண்டு கையாலும் தண்டைப் பிடித்தாள். அண்ணன் தடுக்கவில்லை. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள். மண்கூட அசையவில்லை. காலை ஊன்றி இன்னொரு முறை இழுத்தாள்.

"வரல அண்ணே" என்றாள். முகமெல்லாம் கண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வராது, விடு" என்றார் அண்ணன்.

கையைத் தட்டிக்கொண்டு அங்கேயே, அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். நிழல் ஒரு தலையணை உறை அளவுக்குத்தான் இருந்தது. வெறுங்கால் இரண்டும் வெளியே வெயிலில் கிடந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.